கழிவுநீர் குடிநீராகும்போது: தவறு நேரும் அந்த ஒரு மணி நேரம்

நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக்கில் வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி குடிநீர்க் குழாய்க்கே அனுப்பும் வேலை 1968-இல் தொடங்கியது. சுத்திகரித்து முடித்த தண்ணீரை அங்கே ஆற்றிலோ ஏரியிலோ விட்டுவைப்பதில்லை. மற்ற நீருடன் கலந்து நேராக ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். பழைய நிலையத்துக்குப் பதிலாக 2002-இல் வந்த புதிய கோரியாங்காப் நிலையம் நாளொன்றுக்கு 2.1 கோடி லிட்டர் வரை தயாரிக்கக்கூடியது. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தத் தண்ணீரால் நோய் பரவியதாகப் பதிவு எதுவும் இல்லை. சிங்கப்பூர், கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்ட்டி, ஆஸ்திரேலியாவின் பெர்த் என்று இதில் இறங்கிய ஊர்கள் இன்று பல. ஆகவே இதைச் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்து வெகுநாளாகிவிட்டது.

இருந்தும், ஓர் ஊரில் இப்படி ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டதும் எழும் முதல் கேள்வி, 'அந்தத் தண்ணீர் சுத்தமாக இருக்குமா?' என்பதுதான். அதிகாரிகளும் ஆய்வக அறிக்கையை எடுத்துக் காட்டுவார்கள். நூற்றுக்கணக்கான பொருள்களுக்குச் சோதனை செய்தோம், எல்லாம் அளவுக்குள் இருக்கிறது என்பார்கள். அந்த அறிக்கை பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அது பேசுவது ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட பாட்டிலில் பிடித்த நீரைப் பற்றி. எல்லா இயந்திரமும் ஒழுங்காக ஓடும் நாளில் இந்த நிலையங்கள் தரும் நீர் பல ஆறுகளின் நீரைவிடத் தூய்மையானது. கவலைப்பட வேண்டியது, ஏதோ ஒன்று கெட்டுப்போகும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி. கெட்டது எவ்வளவு சீக்கிரம் தெரிகிறது, தெரிந்த நேரத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது, யார் வால்வை மூடுகிறார்கள்? ஒரு திட்டத்தை நம்பலாமா என்பதை இந்த மூன்றையும் வைத்துத்தான் சொல்ல முடியும் என்பது என் கருத்து.

கழிவுநீரில் இருக்கும் ஆபத்து இரண்டு வகை. நோய்க்கிருமிகள் ஒருவகை: வைரஸ், பாக்டீரியா, அப்புறம் ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகள். இவை ஒரே ஒரு டம்ளர் நீரிலேயே ஆளைப் படுக்க வைத்துவிடும். வேதிப்பொருள்கள் இன்னொரு வகை. மருந்து எச்சங்கள், கரைப்பான்கள், இலேசில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள் எல்லாம் இதில் வரும். இவற்றில் பெரும்பாலானவை ஆண்டுக்கணக்கில் குடித்தால்தான் கேடு செய்யக்கூடியவை. பொதுவெளியில் இரண்டாவதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுப்பது முதலாவது.

அதற்குக் காரணம் ஒரு கணக்கில் இருக்கிறது. ஓராண்டில் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு மேல் குடிநீரால் தொற்று வரக்கூடாது என்பது அமெரிக்காவில் நெடுநாளாகப் பின்பற்றப்படும் இலக்கு. இந்த இலக்கை எட்ட வேண்டுமானால் குடிநீரில் சுமார் 45 லட்சம் லிட்டருக்கு ஒரு வைரஸுக்கு மேல் இருக்கக்கூடாது. பச்சைக் கழிவுநீரில் லிட்டருக்கு ஒரு லட்சம் வைரஸ் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதை ஏறத்தாழ ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டியிருக்கிறது. இந்தத் துறையில் இருப்பவர்கள் இதை 'லாக்' கணக்கில் சொல்வார்கள். பத்தில் ஒரு பங்கானால் 1 லாக், நூறில் ஒரு பங்கானால் 2 லாக். அப்படிப் பார்த்தால் மேலே சொன்னது 12 லாக். நிலத்தடியில் செலுத்திப் பின்னர் எடுத்துக் குடிக்கும் திட்டங்களுக்குக் கலிஃபோர்னியா வைத்திருக்கும் வைரஸ் விதி இதே 12 தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 45 லட்சம் லிட்டரில் ஒரு வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று எந்த ஆய்வகமும் தினமும் தேடிப் பார்க்க முடியாது. தேடினாலும் முடிவு வருவதற்குள் அந்தத் தண்ணீரை ஊர் குடித்து முடித்திருக்கும். அதாவது, தண்ணீர் பாதுகாப்பானது என்பதை அந்தத் தண்ணீரைச் சோதித்து நிரூபிக்க வழியில்லை. நிரூபிக்கக்கூடியது ஒன்றுதான்: ஒவ்வொரு தடுப்பும் இந்த நிமிடத்தில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறதா என்பது. இந்தத் துறையின் முழு யோசனையும் இதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் கடைசியில் மாதிரி எடுத்துப் பார்ப்பதை மட்டும் நம்பாமல், மூலத்திலிருந்து குழாய் வரை ஒவ்வொரு கட்டத்தையும் கண்காணிக்கச் சொல்லித்தான் 2004 முதல் வற்புறுத்தி வருகிறது. குடிநீருக்கான மறுபயன்பாடு பற்றி 2017-இல் அது தனியாக வெளியிட்ட வழிகாட்டியும் அதே பாதையில்தான் போகிறது.

சரி, தடுப்பு ஒன்று கொஞ்ச நேரம் வேலை செய்யவில்லை என்றால் என்ன ஆகும்? பலரும் நினைப்பதைவிட மோசம். 6 லாக் தரும் ஒரு தடுப்பு, அதாவது பத்து லட்சத்தில் ஒன்றை மட்டுமே விடும் ஒரு கட்டம், ஒரு நாளில் 15 நிமிடம் மட்டும் முழுதாக நின்றுபோகிறது என்று கொள்வோம். நாளின் 1,440 நிமிடங்களில் 15 என்பது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் வந்த கிருமிகள் எல்லாம் அப்படியே கடந்துபோகும். நாள் முழுவதற்கும் சராசரி போட்டால், 6 லாக் தரவேண்டிய தடுப்பு அன்று தந்தது வெறும் 2 லாக். மற்ற 23 மணி 45 நிமிடம் அது எவ்வளவு சிறப்பாக ஓடியது என்பதற்கு மதிப்பே இல்லாமல் போகிறது. ஓர் ஆண்டில் ஒரே ஒரு மணி நேரம் நின்றிருந்தாலும் ஆண்டுச் சராசரி 4 லாக்கைத் தொடாது.

இதே கணக்கை ஒரு 6 லாக் தடுப்புக்குப் பதிலாக இரண்டு 3 லாக் தடுப்புகளை வைத்துப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு மணி நேரம், வெவ்வேறு வேளையில் நிற்கிறது. ஒன்று நிற்கும்போது மற்றது 3 லாக் தந்துகொண்டிருக்கும். ஆண்டுச் சராசரி 5.9 லாக்குக்குக் குறையாது. ஒரே பெரிய தடுப்பைவிட அடுத்தடுத்து நிற்கும் பல தடுப்புகள் மேல் என்று சொல்வதன் பின்னே இருப்பது இந்த எண்கணிதம்தான். கலிஃபோர்னியா எந்த ஒரு கட்டத்துக்கும் 6 லாக்குக்கு மேல் மதிப்புத் தராததும் இதனால்தான்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. இரண்டு தடுப்புகளும் வெவ்வேறு வேளையில் நிற்கும் என்று எடுத்துக்கொண்டோம். மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். முதல் கட்டச் சுத்திகரிப்பு கெட்டு, அம்மோனியாவும் கலங்கலும் கூடிய நீர் உள்ளே வந்தால் ஓசோன், மெம்பரேன் என்ற வடிகட்டும் சவ்வு, குளோரின் மூன்றும் ஒரே நேரத்தில் பலவீனப்படும். அதனால் ஒரு திட்டத்தில் எத்தனை தடுப்புகள் இருக்கின்றன என்று எண்ணுவதைவிட, எந்த ஒரு காரணம் அவற்றில் எத்தனையைச் சேர்த்துச் சாய்க்கும் என்று கேட்பது பயனுள்ளது. அதிகம் கேட்கப்படாத கேள்வியும் இதுதான்.

தடுப்பு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். அல்ட்ராஃபில்ட்ரேஷன் என்ற நுண்வடிப்பில் ஆயிரக்கணக்கான உள்ளீடற்ற இழைகள் கட்டுக்கட்டாக நிற்கும். இழையின் சுவரில் உள்ள துளைகள் மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்கு அளவே இருக்கும். கிரிப்டோஸ்போரிடியத்தின் முட்டையுறை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. முழுசாக இருக்கும் இழையில் அது புகவே முடியாது. ஆனால் ஓர் இழை அறுந்தால் போதும், வழி திறந்துவிடும். ஆகவே பொதுவாக நாளுக்கு ஒருமுறை இழைக்கட்டுகளின் ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாக நிறுத்துவார்கள். இழைகளின் ஒரு பக்கத்தை வடித்து, காற்றை அழுத்தி நிரப்பி, வால்வை மூடிவிட்டு, சில நிமிடம் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நனைந்திருக்கும் நுண்துளையில் தண்ணீரின் பரப்பு இழுவிசை காற்றை வெளியேற விடாது. எங்கேனும் அறுந்திருந்தால் அங்கே காற்று கசிந்து அழுத்தம் இறங்கும். ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்து எத்தனை லாக் மிச்சமிருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். வரம்பைத் தாண்டினால் அந்த வரிசை திரும்ப ஓடாது. குமிழி வரும் இடத்தைத் தேடி, அறுந்த இழையின் வாயை ஒரு சிறு முளையால் அடைத்து, மறுபடி சோதித்த பிறகே சேர்ப்பார்கள்.

இதில் ஓர் இடைவெளி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காலையில் சோதனை முடிந்து மதியம் இழை அறுந்தால் மறுநாள் காலைவரை உறுதியாகத் தெரியாது. அந்த நேரத்துக்குக் கலங்கல் அளவியைத்தான் நம்ப வேண்டும். அது ஒன்றிரண்டு இழைகளின் முறிவைப் பிடிக்கும் அளவுக்கு நுட்பமானதல்ல.

அழுத்தத்தில் நீரைத் தள்ளி, கரைந்த உப்பைக்கூடப் பிரித்துவிடும் ஆர்ஓ மெம்பரேனில் சிக்கல் வேறு மாதிரி. அது வைரஸ்களை மிக நன்றாகத் தடுக்கும். ஆனால் அப்படித் தடுக்கிறது என்பதை ஓடும்போதே காட்ட நல்ல வழி இல்லை. உப்பு எவ்வளவு குறைந்தது என்பதை மின்கடத்துத்திறனை வைத்து நொடிக்கு நொடி அளக்கலாம், அவ்வளவுதான். உப்பு நூறில் ஒரு பங்காகக் குறைந்தால் 2 லாக் நிரூபணமாகிறது. ஆகவே நிஜத்தில் அது எவ்வளவு செய்தாலும் கணக்கில் எழுதிக்கொள்வது 1.5 முதல் 2 வரைதான். அளந்து காட்டியதை மட்டும் எண்ணுவது என்ற இந்தக் கறார்தனம் வெளியில் இருந்து பார்ப்பவருக்கு வீண் செலவாகத் தெரியும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பழக்கம் இது.

அடுத்து, நேரம். ஆரஞ்சு கவுன்ட்டி 2008 முதல் கழிவுநீரை நுண்வடிப்பு, ஆர்ஓ, ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேர்ந்த புறஊதாக் கதிர் என்ற மூன்று கட்டங்களில் சுத்திகரித்து நிலத்தடியில் செலுத்துகிறது. 2023 விரிவாக்கத்துக்குப் பிறகு அதன் திறன் நாளுக்குச் சுமார் 49 கோடி லிட்டர். மண்ணுக்குள் போன நீர் மறுபடி கிணற்றில் வந்து குழாய்க்குப் போக மாதங்கள் ஆகும். இப்படிப்பட்ட திட்டங்களில் குறைந்தது இரண்டு மாதமாவது நீர் நிலத்தடியில் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. மண்ணும் கொஞ்சம் சுத்திகரிக்கும்தான். ஆனால் அந்த இரண்டு மாதத்தின் பெரிய மதிப்பு, தவறு தெரிந்தபின் யோசிக்கவும், கிணறுகளை மூடவும், மாற்று ஏற்பாடு செய்யவும் அவகாசம் கிடைப்பது.

நேரடியாகக் குழாய்க்கு அனுப்பும் முறையில் அந்த அவகாசம் மணிக்கணக்காக, சில இடங்களில் நிமிடக்கணக்காகச் சுருங்கிவிடுகிறது. மண்ணும் மாதங்களும் செய்த வேலையைக் கருவிகளும் கூடுதல் தடுப்புகளும் செய்தாக வேண்டும். 2023 டிசம்பரில் கலிஃபோர்னியா ஏற்றுக்கொண்ட நேரடி மறுபயன்பாட்டு விதிகள் வைரஸுக்கு 20 லாக், ஜியார்டியாவுக்கு 14, கிரிப்டோஸ்போரிடியத்துக்கு 15 கேட்கின்றன. 12 எங்கே, 20 எங்கே என்று தோன்றும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸ் மிக அதிகமாக இருக்கும் நாளைக் கணக்கில் எடுத்தபோது 16 தேவைப்பட்டது. ஏதோ ஒரு கட்டம் சறுக்கி, அது தெரிந்து, நீரைத் திருப்பிவிடுவதற்குள் கடந்துபோவதை ஈடுகட்ட இன்னொரு 4 சேர்த்தார்கள். இது மிகை என்று சொல்லும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். செலவு கூடும், சிறிய ஊர்களால் தாங்க முடியாது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் ஆண்டுக்கு ஒரு மணி நேரம் என்ற அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் 4-ஐக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விண்ட்ஹூக்கில் ஆர்ஓ கிடையாது. ஓசோன், நுண்ணுயிர்கள் வளரும் உயிரியல் கரிப்படுகை, வழக்கமான கரிப்படுகை, அல்ட்ராஃபில்ட்ரேஷன், குளோரின் என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஏதாவது ஒரு முக்கிய அளவு வரம்பைத் தாண்டினால் நிலையம் தன் நீரைத் தனக்குள்ளேயே சுற்றவிட்டுக்கொள்ளும், ஊருக்கு ஒரு சொட்டும் போகாது. மறுசுழற்சி நீரை மற்ற நீருடன் கலக்கும்போது அதன் பங்குக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். இவற்றைவிட அடிப்படையான முடிவு ஒன்றைத் தொடக்கத்திலேயே எடுத்தார்கள்: தொழிற்சாலைக் கழிவுநீரைத் தனியாகப் பிரித்து வேறு பக்கம் கொண்டுபோய்விட்டார்கள்.

அந்த முடிவின் அருமை வேதிப்பொருள்களின் கதையைப் பார்த்தால் புரியும். ஆரஞ்சு கவுன்ட்டியில் 1970-களிலிருந்தே வாட்டர் ஃபேக்டரி 21 என்ற முன்னோடி நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே என்டிஎம்ஏ என்ற புற்றுநோய் அபாயமுள்ள சேர்மம் இருப்பது தெரிந்தது. அதைத் தொடர்ந்து 1,4-டையாக்ஸேனும் அகப்பட்டது. சில கிணறுகளை நிறுத்த வேண்டி வந்தது. இரண்டுமே மிகச் சிறிய, மின்னூட்டம் இல்லாத மூலக்கூறுகள். ஆர்ஓ அவற்றை முழுதாகப் பிடிக்காது. உப்பைத் தடுக்கும் மெம்பரேன் எல்லாவற்றையும் தடுக்கும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. இன்று கலிஃபோர்னியாவில் இப்படி ஓடும் ஆர்ஓ நிலையங்களில் கடைசியில் பெராக்சைடோ குளோரினோ சேர்த்துப் புறஊதாக் கதிர் பாய்ச்சுகிறார்கள் என்றால், அந்த அனுபவம் அதற்கு முக்கியக் காரணம். என்டிஎம்ஏ-வைக் கதிரே நேராகச் சிதைக்கும். டையாக்ஸேனைக் கதிரும் பெராக்சைடும் சேர்ந்து உண்டாக்கும் தீவிரத் துகள்கள் சிதைக்கும்.

அசிட்டோனும் இப்படித்தான். யாரோ ஒரு டிரம் கரைப்பானைச் சாக்கடையில் கொட்டினால், அது ஆர்ஓவையும் கதிரையும் கணிசமான அளவுக்குக் கடந்து வந்துவிடும். மொத்தக் கரிமக் கார்பனை இடைவிடாமல் அளக்கும் கருவியில் திடீரென்று ஒரு மேடு எழும்பும்போதுதான் இது தெரியவரும். அந்த மேட்டைப் பார்த்துவிட்டு எந்தக் குழாய் வழியாக, எந்தத் தொழிற்கூடத்திலிருந்து வந்தது என்று தேடிப் போகும் ஆட்கள் இருக்க வேண்டும். குடிநீர் நிலையத்தின் முதல் தடுப்பு நிலையத்துக்குள் இல்லை. ஊரில் யார் எதைச் சாக்கடையில் விடலாம் என்ற அனுமதிச் சீட்டிலும், அதைச் சரிபார்க்கப் போகும் ஆய்வாளரின் கையிலும் இருக்கிறது. திட்ட அறிக்கைகளில் இதற்கு ஒரு பத்திதான் கிடைக்கும். வரவுசெலவில் அதுவும் கிடைப்பதில்லை.

மருந்து எச்சங்களைப் பற்றிய பயம் மட்டும் அளவுக்கு மீறியது என்று நினைக்கிறேன். ஒரு மருந்து லிட்டருக்கு 100 நானோகிராம் இருக்கிறது என்று வைத்து, தினமும் இரண்டு லிட்டர் குடித்தால், 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றுக்குச் சமமான அளவு உடம்பில் சேர 2,700 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பல பொருள்கள் சேர்ந்து இருக்கும்போது என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு விடை சொல்லாது. ஃபுளோரின் சேர்மங்களுக்கும் இது பொருந்தாது, ஏனென்றால் அவற்றில் பல உடம்பில் ஆண்டுக்கணக்கில் தங்குபவை. நல்லவேளையாக ஆர்ஓ அவற்றை நன்றாகப் பிடிக்கிறது. கெட்டவேளையாக, பிடித்ததெல்லாம் வடிகட்டிய பின் மிஞ்சும் அடர்கழிவில் சேர்கிறது. உள்ளே வந்த நீரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இப்படி மிஞ்சும். கடலோர ஊர் அதைக் கடலில் விட்டுவிடுகிறது. உள்நாட்டு ஊருக்கு அதை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதே பெரிய தலைவலி.

சுத்தம் கூடிப்போனாலும் தொல்லைதான். ஆர்ஓவில் வெளிவரும் நீரில் தாது உப்பு ஏறக்குறைய இல்லை. அது குழாயையும் சிமென்ட்டையும் அரிக்கும். சுண்ணாம்பு சேர்த்துச் சமன்செய்த பிறகே அனுப்ப வேண்டும். ஆரஞ்சு கவுன்ட்டியில் தாது குறைந்த இந்த நீர் மண்ணில் காலங்காலமாக ஒட்டியிருந்த ஆர்செனிக்கைக் கரைத்ததைக்கூட ஆய்வாளர்கள் கண்டார்கள். நீரின் வேதியியலைச் சரிசெய்து அதைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் யாராவது கிணற்று நீரைச் சோதித்துக்கொண்டே இருந்ததால்தான் அது தெரிந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, பழைய முறையே பாதுகாப்பு என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஆற்றில் மேலே இருக்கும் ஊரின் கழிவுநீரைக் கீழே இருக்கும் ஊர் காலங்காலமாகக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது. திட்டமிடாத மறுசுழற்சி அது, பெயர் மட்டும் வைக்கவில்லை. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஏரி நீரைச் சுத்திகரிக்கும் வழக்கமான நிலையம் ஒன்றில் கலங்கல் ஏறியது. குளோரினுக்குச் சாகாத கிரிப்டோஸ்போரிடியம் வடிப்பான்களைக் கடந்து ஊருக்குள் போனது. சுமார் 4 லட்சம் பேர் நோய்வாய்ப்பட்டதாக மதிப்பிட்டார்கள். கனடாவின் வாக்கர்ட்டனில் 2000 மே மாதம் பெய்த கனமழையில் மாட்டுச்சாணம் கிணற்றில் கலந்தது. குளோரின் அளவை இடைவிடாமல் அளக்கும் கருவி அங்கே இல்லை. பொறுப்பில் இருந்தவர்கள் அளக்காமலேயே பதிவேட்டில் எண்களை எழுதிவந்தார்கள். 7 பேர் இறந்தார்கள், 2,300 பேர் அளவில் நோயுற்றார்கள். தொடர்ந்து அளக்கும் கருவிகள் இருந்திருந்தால் இதைத் தடுத்திருக்கலாம் என்று விசாரணை ஆணையம் சொன்னது.

இந்த இரண்டு இடத்திலும் குடித்தது மறுசுழற்சி நீர் அல்ல. ஆனால் மறுசுழற்சியில் எது சறுக்கலாம் என்பதற்கு இவற்றைவிட நல்ல பாடம் கிடையாது. வாக்கர்ட்டனில் தொழில்நுட்பம் தோற்கவில்லை. பதிவேட்டில் பொய் எண் எழுதும் பழக்கம் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் ஒன்றும் ஆகாமல் ஓடும், ஒரு கனமழை வரும்வரை.

அதனால்தான் நோய் எதுவும் பதிவாகவில்லை என்ற ஆறுதலையும் கொஞ்சம் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்கிறேன். லாஸ் ஏஞ்சலஸ் அருகே மான்டெபெல்லோ பகுதியில் 1962 முதல் சுத்திகரித்த கழிவுநீரை நிலத்தடியில் சேர்க்கிறார்கள். அந்த நீரைக் குடித்தவர்களை மற்றவர்களுடன் ஒப்பிட்டுப் பல ஆய்வுகள் நடந்தன, கேடு எதுவும் தென்படவில்லை. நல்ல செய்திதான். ஆனால் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவு ஆபத்தை இத்தகைய ஆய்வுகளால் பார்க்க முடியாது. வயிற்றுப்போக்கு வந்தால் பெரும்பாலோர் மருத்துவரிடமே போவதில்லை. பெரிய ஆபத்து இல்லை என்பதை இந்த ஆய்வுகள் காட்டுகின்றன. சிறிய ஆபத்தைக் கட்டுப்படுத்தும் வேலை அழுத்தமானியிடமும் மின்கடத்துத்திறன் அளவியிடமும்தான் இருக்கிறது.

இனி ஆட்கள். இரவு ஷிஃப்டில் திரையில் ஓர் அலாரம் வருகிறது. இதே அலாரம் போன வாரம் மூன்று முறை வந்து, மூன்று முறையும் சென்சார் கோளாறு என்று தெரிந்தது. நான்காவது முறை நீரைத் திருப்பிவிடுவதா, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பதா? திருப்பிவிட்டால் காலையில் மேலதிகாரி கேள்வி கேட்பார், ஊரின் மேல்நிலைத் தொட்டியில் மட்டம் இறங்கும். இந்த இடத்தில் தனியாக நிற்கும் ஒருவரின் துணிச்சலை நம்பி ஓர் ஊரின் ஆரோக்கியத்தை விடக்கூடாது. வரம்பு தாண்டினால் வால்வு தானாகத் திரும்ப வேண்டும். அதை மறுபடி ஊர்ப் பக்கம் திருப்புவதற்குத்தான் மனிதரின் கையெழுத்து தேவைப்பட வேண்டும். தவறான அலாரத்துக்காக நீரை நிறுத்தியவரை யாரும் கடிந்துகொள்ளாத நிர்வாகமும் வேண்டும். இதில் ஆர்ஓ, கதிர் போன்ற கட்டங்களை ஓட்டுபவர்களுக்கென்றே கலிஃபோர்னியாவில் தனிச் சான்றிதழ் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். நிலையம் கட்டக் கடனும் மானியமும் கிடைத்துவிடும். இருபது ஆண்டுக்கு நல்ல ஆட்களை வைத்துச் சம்பளம் கொடுக்கவும், மெம்பரேன்களை உரிய காலத்தில் மாற்றவும் ஊர் தன் கட்டணத்திலிருந்துதான் பணம் எடுக்க வேண்டும். ஒரு திட்டத்தை எடைபோட நான் முதலில் பார்ப்பது அந்தக் கணக்குப் பக்கத்தைத்தான்.

ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரம் 2006 ஜூலையில் இதற்காகவே பொதுவாக்கெடுப்பு நடத்தியது. கடும் வறட்சியின் நடுவில் 62 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது தவறு. திட்டத்தை முன்வைத்தவர்கள் நீரின் தரத்தைப் பற்றி நிறையப் பேசினார்கள், ஆனால் நிலையம் கெட்டுப்போகும் நாளில் என்ன நடக்கும் என்பதற்கு மக்கள் நம்பும்படியான பதில் தேவைப்பட்டது. சிங்கப்பூர் 2003-இல் முதல் நிலையங்களைத் திறந்தபோது நீரின் பெரும் பகுதியைத் தொழிற்சாலைகளுக்கே கொடுத்தது. குடிநீர்ப் பங்கை நீர்த்தேக்கத்தில் கலந்து மறுபடி சுத்திகரித்தது. பழகுவதற்கு மக்களுக்கு மட்டுமல்ல, நிலையத்தை நடத்துபவர்களுக்கும் ஆண்டுகள் கிடைத்தன.

டெக்சாஸின் விசிட்டா ஃபால்ஸுக்கு அந்த வசதி இல்லை. ஏரிகள் வற்றிக்கொண்டிருந்தன. 2014 ஜூலையில் நாளுக்குச் சுமார் 1.9 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்ஓ வழியாகச் செலுத்தி, ஏரி நீருடன் சரிபாதியாகக் கலந்து, வழக்கமான குடிநீர் நிலையத்தில் மறுபடி சுத்திகரித்து ஊருக்குக் கொடுத்தார்கள். மாநில அதிகாரிகள் அனுமதி தருமுன் நிலையத்தை முழு அளவில் ஓடவிட்டுச் சோதித்தார்கள். அதே மாநிலத்தின் பிக் ஸ்பிரிங் நகரம் ஓராண்டு முன்பே இதைத் தொடங்கியிருந்தது. விசிட்டா ஃபால்ஸில் ஓராண்டு எல்லாம் ஒழுங்காக நடந்தது. 2015-இல் மழை வந்து ஏரிகள் நிரம்பியதும் அந்த முறையை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அவர்கள் நிரந்தரமாகக் கட்டியது வேறு: சுத்திகரித்த நீரை ஏரிக்கு அனுப்பும் குழாய். ஏரியில் வெயிலுக்கு ஆவியாகி ஒரு பங்கு போகும், மழையில் சேறும் சேரும், மறுபடி சுத்திகரிக்கச் செலவு உண்டு. எல்லாம் தெரிந்தே அந்த அவகாசத்தை வாங்கினார்கள். அதே டெக்சாஸின் மேற்கு மூலையில், ஏரி என்று சொல்ல எதுவும் இல்லாத எல் பாசோ, நாளுக்குச் சுமார் 3.8 கோடி லிட்டரை நேராகக் குழாய்க்கே அனுப்பும் நிலையத்தை இப்போது கட்டிக்கொண்டிருக்கிறது.